கல்வராயன் மலையில் சாமையும் மரவள்ளியும்: பயிர் மாற்றத்தின் வரலாற்றுப் பின்னணி

உணவுப் பயிரிலிருந்து பணப்பயிருக்கு உழவர் மாறுவதற்கு விலையையே முதற்காரணமாகக் கூறுவது வழக்கம். கள்ளக்குறிச்சிச் சமவெளியைப் பொறுத்தவரை அதில் ஓரளவு உண்மை உண்டு. கோமுகி, மணிமுக்தா அணைகளின் நீரும், மூங்கில்துறைப்பட்டு, கச்சிராயபாளையம் கூட்டுறவு ஆலைகளும் அங்கே கரும்பை நிலைநிறுத்தின. ஆனால், சாமையும் தினையும் கேழ்வரகும் விளைந்த கல்வராயன் மலைச்சரிவுகளில் மரவள்ளி பரவியதற்கு அவ்விளக்கம் போதாது. சாமை வயலை விட்டு நீங்குமுன்பே உரலை விட்டு நீங்கத் தொடங்கியது என்பது இக்கட்டுரையின் கருத்து.

மலையாளிப் பழங்குடியினர் வாழும் இம்மலை, சடையக்கவுண்டன், குரும்பக்கவுண்டன், ஆரியக்கவுண்டன் ஆகிய மூன்று ஜாகீர்களாக ஆளப்பட்டு, 1976இல்தான் அரசின் நேரடி ஆளுகைக்குள் வந்தது. சாலையும் சந்தையும் எட்டாத அக்காலத்தில், ஆண்டுக்கணக்கில் கெடாத சாமையே குடும்பத்தின் சேமிப்பு. அடிவாரத்தின் நிலையோ வேறு. இரண்டாம் உலகப் போரில் மலேயாவிலிருந்து ஜவ்வரிசி வரத்து நின்றதும், சேலத்தில் மரவள்ளியிலிருந்து ஜவ்வரிசி எடுக்கும் தொழில் தோன்றியது. அது ஆத்தூர், சின்னசேலம் வட்டாரங்களுக்கும் பரவியது. 1981இல் சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் உருவானது. மலை திறக்கப்பட்டபோது கிழங்கு வாங்கும் ஆலைகள் கீழே காத்திருந்தன.

இருப்பினும் ஆலை மட்டும் சாமையை வென்றுவிடவில்லை. சாமையின் உமி கடினமானது. குத்திப் புடைத்து அரிசியாக்கும் உழைப்பு முழுவதும் பெண்களுடையது. நியாயவிலைக் கடை அரிசிக்கு அவ்வுழைப்பு தேவையில்லை. 2011 முதல் விலையும் இல்லை. கொல்லிமலையிலும் இதே போக்கு காணப்பட்டது. அங்கே உமி நீக்கும் இயந்திரங்களைக் கொண்டுவந்த பிறகே சிறுதானிய மீட்பு முயற்சிகளுக்குப் பிடிப்பு ஏற்பட்டது. பயிர் மாற்ற ஆய்வுகள் நிலத்தையும் விலையையும் அளக்கும் அளவுக்கு அடுக்களையைக் கவனிப்பதில்லை என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும்.

‘பணப்பயிர்’ என்ற வகைப்பாடும் மறுபார்வைக்குரியது. திருவிதாங்கூரில் 1880களில் விசாகம் திருநாள் மன்னர் மரவள்ளியைப் பசி போக்கும் உணவாகவே பரப்பினார். கேரளத்தில் இன்றும் அது மீனோடு உண்ணும் உணவு. கல்வராயனிலோ அதே கிழங்கு லாரியேறுகிறது. ஆகவே பயிரின் பெயரைக் கொண்டு அதன் வகையை முடிவு செய்ய இயலாது.

மரவள்ளி மண்ணுக்குள் சில வாரங்கள் காத்திருக்கும். பிடுங்கிய இரண்டு மூன்று நாள்களில் கெடத் தொடங்கும். அதன் விலை மாவுச்சத்தின் ‘பாயிண்ட்’ கணக்கில் ஆலை வாசலில் முடிவாகிறது. அளவுகோல் வாங்குபவர் கையில். திரும்பக் கொண்டுபோகும் வாய்ப்பு விற்பவருக்கு இல்லை. சாமை வைத்திருந்த குடும்பத்துக்கு இந்த அவசரம் இருந்ததில்லை.

விலை சரியும் ஆண்டில் சாமைக்குத் திரும்புவதும் எளிதன்று. முந்தைய விளைச்சலில் எடுத்து வைத்த தானியமே அடுத்த ஆண்டின் விதை. சில பருவங்கள் விதைக்காமல் விட்ட வீட்டில் நிலம் இருக்கும், விதை இருக்காது.