மஞ்சள் கடுதாசி கொடுத்த சித்திரக்காரன்

நம் பக்கத்தில் ஒரு வியாபாரி நொடித்துப் போனால், “மஞ்சள் கடுதாசி கொடுத்துவிட்டான்” என்பார்கள். சொல்லுகிறவர் குரலைச் சற்றுத் தாழ்த்திக்கொள்வார். கேட்கிறவர் நாக்கைச் சப்புக்கொட்டுவார். அப்புறம் இரண்டு பேருமாகச் சேர்ந்து அந்த மனிதனுடைய குற்றங்குறைகளை ஒவ்வொன்றாக எடுத்துவைக்கத் தொடங்குவார்கள். அகலக் கால் வைத்தான், சக்திக்கு மீறி வீடு வாங்கினான், பெண் விஷயத்திலும் சரியில்லை என்று ஜாபிதா நீளும். கடன்பட்டவனுடைய வாழ்க்கையை விமரிசனம் செய்ய ஊரில் எல்லோருக்கும் உரிமை உண்டு.

இப்படி மஞ்சள் கடுதாசி கொடுத்தவர்களில் உலகப் பிரசித்தி பெற்றவன் யார் என்று கேட்டால், நான் ஹாலந்து தேசத்துச் சித்திரக்காரன் ரெம்பிராண்டைத்தான் சொல்லுவேன். 1656-ஆம் வருஷம் ஜூலை 25, 26 ஆகிய இரண்டு நாட்களில், ஆம்ஸ்டர்டாம் நகரத்துத் திவால் கச்சேரியின் குமாஸ்தா அவன் வீட்டில் அறை அறையாக நுழைந்து சாமான்களுக்கு ஜாபிதா எழுதினார். மொத்தம் 363 இனங்கள். அந்த ஜாபிதா அழியாமல் இன்றும் இருக்கிறது.

ரெம்பிராண்டைப் பற்றி வந்திருக்கும் புத்தகங்களை அடுக்கினால் ஒரு நூல்நிலையமே நிறைந்துவிடும். ஆனாலும், கதை எழுதிப் பிழைக்கிற எனக்கு, அவனைப் பற்றிய சரித்திரங்களில் முதல் ஸ்தானம் அந்தக் குமாஸ்தா எழுதியதற்குத்தான். அவனைத் தெய்வமாக்க வேண்டும் என்ற ஆசையோ, அவன் மானத்தை வாங்க வேண்டும் என்ற ஆத்திரமோ அந்த மனிதருக்கு இல்லை. கண்ணில் பட்டதை எழுதினார், அவ்வளவுதான். எங்களைப் போன்றவர்களுக்குக் கைவராத காரியம் அது.

ரெம்பிராண்ட் 1606-இல் லெய்டன் நகரத்தில் பிறந்தவன். தகப்பனார் அரவை மில் வைத்திருந்தார். பிள்ளையைச் சர்வகலாசாலையில் சேர்த்துப் பார்த்தார்கள். படிப்பு ஒட்டவில்லை, சித்திரம் ஒட்டிக்கொண்டது. 25 வயதை ஒட்டி ஆம்ஸ்டர்டாமுக்கு வந்துவிட்டான். அந்தக் காலத்து ஆம்ஸ்டர்டாம் என்றால் பணம் கொழிக்கிற ஊர். அதன் கப்பல்கள் போகாத துறைமுகம் இல்லை. நம்முடைய சோழமண்டலக் கரையிலிருந்து துணி மூட்டைகளை ஏற்றிக்கொண்டு போனவர்களும் அவர்கள்தாம். பழவேற்காட்டில் அவர்களுடைய கோட்டை 1613-லேயே எழும்பிவிட்டது. இப்படிச் சேர்ந்த பணத்தில் வர்த்தகர்கள் தங்கள் முகத்தையும் மனைவியர் முகத்தையும் எழுதிச் சுவரில் மாட்டிக்கொள்ள ஆசைப்பட்டார்கள். முகம் எழுதுவதில் ரெம்பிராண்டுக்கு நிகர் கிடையாது.

1634-இல் சாஸ்கியா என்ற பெண்ணை மணந்தான். நல்ல குடும்பம், சொத்துள்ளவள். 1639-இல் 13,000 கில்டருக்கு ஒரு பெரிய வீட்டை வாங்கினான். கைத்தொழில் தெரிந்த ஒருவன் வருஷம் முழுவதும் பாடுபட்டால் சுமார் 300 கில்டர் பார்க்கலாம் என்றிருந்த காலம் அது. ஒரு பகுதியைக் கொடுத்துவிட்டு, மீதியைத் தவணையாகத் தருவதாக ஏற்பாடு. அந்த மீதிதான் அவன் கழுத்தில் விழுந்த சுருக்கு.

இந்த இடத்தில் ஒரு பிரபலமான கட்டுக்கதையை அகற்றிவிட வேண்டும். 1642-இல் அவன் எழுதிய ‘இரவுக் காவல்’ என்ற பெரிய படத்தை, பணம் கொடுத்தவர்கள் பார்த்துவிட்டுச் சீறினார்கள். தங்கள் முகம் சரியாகத் தெரியவில்லை என்று நிராகரித்தார்கள். அன்றிலிருந்து அவனுக்கு வீழ்ச்சி என்று சொல்லுவது உண்டு. கேட்க நன்றாக இருக்கிறது. மேதையைப் புரிந்துகொள்ளாத மூட ஜனங்கள் என்று நாமும் ஒரு பெருமூச்சு விட்டுக்கொள்ளலாம். உண்மை அப்படி இல்லை. படத்தில் இருக்கும் சேவகர்கள் தலைக்குச் சுமார் 100 கில்டர் வீதம் கொடுத்தார்கள். படம் அவர்களுடைய மண்டபத்தில் மாட்டப்பட்டது. அது இரவுக் காட்சியே அல்ல. மேலே பூசிய வார்னிஷ் காலத்தால் கறுத்துப்போனதால் பிற்காலத்தார் வைத்த பெயர் அது. 1715-இல் நகர மண்டபத்துக்குக் கொண்டுபோனபோது, சுவரில் அடங்கவில்லை என்று நான்கு பக்கமும் வெட்டிய மகானுபாவர்கள் இருந்தார்கள் என்பது வாஸ்தவம். ஆனால் அப்போது ரெம்பிராண்ட் செத்து 46 வருஷம் ஆகிவிட்டது.

அப்படியானால் அவன் ஏன் நொடித்தான்? குமாஸ்தாவின் ஜாபிதாவைக் கேளுங்கள்.

வாசல் கூடத்திலேயே படங்கள் ஆரம்பித்துவிடுகின்றன. அவனுடையவை, சிஷ்யர்களுடையவை, மற்ற சித்திரக்காரர்களுடையவை. உள்ளே இருக்கும் ஒரு அறையைக் காட்சிசாலை என்றே சொல்ல வேண்டும். ரோமாபுரிச் சக்கரவர்த்திகளின் தலைகள், பூகோள உருண்டைகள், சங்குகள், சிப்பிகள், பவளக் கொத்துகள், ஈட்டி, வில், தலைக் கவசங்கள், கீழ்த்திசைச் சாமான்கள். இவற்றோடு கட்டுக் கட்டாகச் சித்திரப் பிரதிகள். ராபேல், டிஷியன், மைக்கேல் ஆஞ்சலோ, லூக்காஸ் வான் லெய்டன் என்று யாரும் பாக்கி இல்லை. மாண்டேனா என்ற இத்தாலியனுடைய ஏட்டுக்கு மாத்திரம் ‘விலை உயர்ந்தது’ என்று குமாஸ்தாவே ஒரு வார்த்தை சேர்க்கிறார். அது வீட்டுக்காரன் அருகில் நின்று சொன்ன வார்த்தையாக இருக்க வேண்டும் என்பது என் ஊகம். கடைசியில், வெளுக்கப் போட்டிருந்த துணிக் கணக்கு வருகிறது: மூன்று சட்டை, ஆறு கைக்குட்டை, சில மேஜை விரிப்புகள், கழுத்துப் பட்டைகள்.

பவளக் கொத்துக்கும் சக்கரவர்த்திகளுக்கும் கணக்கில்லை, சட்டை மூன்று! இதற்குமேல் ஒரு குணசித்திரத்தை எந்த நாவலாசிரியன் எழுதிவிட முடியும்?

ஏலத்தில் நல்ல படம் வந்தால், மற்றவர்கள் வாய் திறக்க முடியாதபடி முதலிலேயே பெரிய தொகையாகக் கேட்டுவிடுவானாம். தன் தொழிலுக்கு மதிப்பு வர வேண்டும் என்று அதற்குக் காரணம் சொன்னதாக, பால்டினூச்சி என்ற இத்தாலியர் 1686-இல் எழுதிவைத்திருக்கிறார். நம் ஊர்த் திண்ணையில் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். எனக்கென்னவோ சிரிக்கத் தோன்றவில்லை. 

வீட்டுப் பாக்கி வட்டியோடு வளர்ந்து எட்டாயிரத்தைத் தாண்டியது. இங்கிலீஷ்காரனோடு கடற்சண்டை மூண்டு வியாபாரம் படுத்திருந்த சமயம். 1653-இல் மூன்று பேரிடம் ஒன்பதாயிரத்துக்கு மேல் கைமாற்று வாங்கினான். கடனை அடைக்கக் கடன். பிறகு நடப்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

இனி, ஜாபிதாவில் இடம்பெறாத இரண்டு பெண்களைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

சாஸ்கியா 1642-இல் இறந்துபோனாள். பிறந்த நான்கு குழந்தைகளில் தங்கியது டைட்டஸ் என்ற கைக்குழந்தை ஒன்றுதான். அதை வளர்க்க வந்தவள் கீர்ட்யா என்ற விதவை. அவளோடு ரெம்பிராண்டுக்கு உறவு ஏற்பட்டது. சாஸ்கியாவின் நகைகளை அவளுக்குக் கொடுத்தான். சில வருஷங்களில் ஹென்ட்ரிக்யா என்ற இளம்பெண் வேலைக்கு வந்தாள். அவன் மனம் அந்தப் பக்கம் போயிற்று. கல்யாணம் செய்துகொள்வதாகச் சொல்லி ஏமாற்றிவிட்டான் என்று கீர்ட்யா 1649-இல் வழக்குப் போட்டாள். வருஷம் 200 கில்டர் ஜீவனாம்சம் கொடுக்கும்படி தீர்ப்பாயிற்று. அவள் நகைகளை அடகு வைத்தாள். அடுத்த வருஷமே, கௌடா என்ற ஊரில் நடத்தை கெட்ட பெண்களை அடைத்துவைக்கும் விடுதியில் அவளைத் தள்ளிவிட்டார்கள். அதற்கு வேண்டிய சாட்சிகளையும் செலவையும் ஏற்பாடு செய்ததில் ரெம்பிராண்டின் கை இருந்தது. ஐந்து வருஷம் உள்ளே இருந்து, 1655-இல் அவள் வெளியே வந்தாள். மறுவருஷம் அவன் திவாலானபோது, பணம் வர வேண்டியவர்களில் அவளும் ஒருத்தி.

பெரிய கலைஞர்களின் சரித்திரத்தை எழுதுகிறவர்கள் இந்த இடத்துக்கு வந்ததும் பேனாவை வேகமாக ஓட்டுவார்கள். ‘மேதைகளின் பலவீனம்’ என்று ஒரு வரி, அதோடு சரி. ஐந்து வருஷம் என்பது ஒரு வரி அல்ல. கதவு சாத்தியிருந்த அத்தனை நாளும் அவளுக்கு ஒரு முழு நாள்தான். முதுமையின் சுருக்கத்திலும் ஏழையின் கண்ணிலும் அத்தனை கருணையைக் கண்டவன், தன் வீட்டில் பிள்ளை வளர்த்தவளிடம் அதைக் காணவில்லை. இரண்டும் ஒரே மனிதன்தான்.

ஹென்ட்ரிக்யாவின் கதை வேறு மாதிரி. ரெம்பிராண்ட் மறுமணம் செய்துகொண்டால், சாஸ்கியாவின் சொத்தை அவன் அனுபவிக்கும் பாத்தியதை போய்விடும் என்று உயிலில் ஒரு நிபந்தனை இருந்தது. ஆகையால் தாலி இல்லாத குடித்தனம். 1654-இல் அவள் கர்ப்பமாக இருந்தபோது, மாதாகோவில் சபையார் அவளைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். அவள் ஒப்புக்கொண்டாள். திருவிருந்தில் கலந்துகொள்ளக் கூடாது என்று அவளை விலக்கிவைத்தார்கள். அவனுக்குத் தண்டனை ஏதும் இல்லை. இது ஹாலந்து தேசத்துச் சமாசாரம் என்று நாம் முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டாம்!

1658-இல் வீடு ஏலம் போயிற்று. 13,000-க்கு வாங்கிய வீடு 11,218 கில்டருக்குப் போயிற்று. வாழ்நாளெல்லாம் சேர்த்த சித்திரப் பிரதிகளும் கோட்டுச் சித்திரங்களும் சுமார் 600 கில்டர்தான் தேறின. அதே 1658-இல் ஹாலந்துக்காரர்கள் போர்ச்சுகீசியரிடமிருந்து நாகப்பட்டினத்தைப் பிடித்துக்கொண்டார்கள். ஆக்ராவில் ஷாஜஹான் சக்கரவர்த்தியை மகன் ஔரங்கசீப் சிறைவைத்ததும் அதே வருஷம். ஊர்ப் பெயரையும் வருஷத்தையும் ஒப்பிட்டு வேடிக்கை பார்ப்பதற்காக இதை நான் சொல்லவில்லை. அந்த ஷாஜஹானை ரெம்பிராண்ட் வரைந்திருக்கிறான்!

கப்பலில் வந்த மொகலாயச் சிறு சித்திரங்கள் எப்படியோ அவன் பார்வைக்குக் கிடைத்திருக்கின்றன. தன் தேசத்து எல்லையைத் தாண்டாத அந்த மனிதன், அவற்றைப் பார்த்து ஜப்பானிலிருந்து வந்த உயர்ந்த காகிதத்தில் எழுதிய சித்திரங்கள் இருபதுக்கு மேல் தப்பியிருக்கின்றன. ஷாஜஹான், ஜஹாங்கீர், மரத்தடியில் உட்கார்ந்து பேசும் நான்கு பெரியவர்கள். இவற்றை அவன் எழுதியது 1656-க்கும் 1661-க்கும் இடைப்பட்ட காலம் என்று அறிஞர்கள் கணிக்கிறார்கள். அதாவது வாசலில் கடன்காரன் நின்ற காலம். அவன் எழுதிக் கொடுக்கும்படி யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. விற்றுப் பணம் பண்ணுகிற சரக்கும் அல்ல. நம் நாட்டுச் சித்திரக்காரனின் மெல்லிய கோட்டைத் தன் கையால் ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட வேண்டும் என்ற ஆசை, வேறென்ன?

அதே 1658-இல் அவன் எழுதிய சுயசித்திரம் ஒன்று நியூயார்க்கில் பிரிக் என்பவர் சேர்த்துவைத்த கலைக்கூடத்தில் இருக்கிறது. பொன்னிற அங்கி; கையில் கோல்; சிங்காதனத்தில் அமர்ந்த ராஜாவைப்போல் நம்மைப் பார்க்கிறான். வீட்டை ஏலத்தில் விட்டவன் முகம் அது என்று சொன்னால் நம்புவது கஷ்டம்.

அவன் பெயரில் எது வந்தாலும் கடன்காரர்கள் எடுத்துக்கொள்வார்கள் என்ற நிலை. 1660-இல் ஹென்ட்ரிக்யாவும் டைட்டஸும் சேர்ந்து ஒரு கம்பெனி வைத்தார்கள். படங்கள் எல்லாம் கம்பெனியின் சொத்து. ரெம்பிராண்ட் அதில் வேலைக்காரன். சம்பளம், சாப்பாடும் இருக்க இடமும். கையெழுத்துப் போடத் தெரியாமல் சிலுவைக் குறி கீறுகிற ஒரு பெண், சட்டத்தின் சந்து வழியாக ஒரு மேதையைக் காப்பாற்றினாள். மாதாகோவில் சபையார் விலக்கிவைத்தவள் அவள்தான். அந்தப் பத்து வருஷத்தில் பிறந்தவைதாம் ‘துணி வியாபாரிகள் சங்கத்தார்’, ‘யூத மணப்பெண்’ முதலான படங்கள்.

பிறகு துக்கம் ஒன்றன்பின் ஒன்றாக வந்தது. 1662-இல் சாஸ்கியாவின் கல்லறை இடத்தையே விற்றான். 1663-இல் ஹென்ட்ரிக்யா போனாள். 1668-இல், கல்யாணமாகி ஏழே மாதத்தில் டைட்டஸ் போனான். 1669 அக்டோபர் 4-ஆம் தேதி ரெம்பிராண்டும் கண்ணை மூடினான். மேற்கு மாதாகோவிலில் வாடகைக் குழியில் புதைத்தார்கள். இடம் எது என்று யாருக்கும் தெரியாது. அவன் இழந்த வீட்டை ஆம்ஸ்டர்டாம் நகரத்தார் வாங்கி, 1911-இல் அவன் பேரிலேயே காட்சிசாலை ஆக்கினார்கள். குமாஸ்தாவின் ஜாபிதாவை வைத்துக்கொண்டுதான் எந்த அறையில் எந்தச் சாமான் என்று அடுக்கியிருக்கிறார்கள்.

கணக்கைப் பார்த்தால் இரண்டு பாக்கிகள் கண்ணில் படுகின்றன. கடன் கொடுத்த மூவரில் வான் ஹெர்ட்ஸ்பேக் என்பவர், வீட்டு ஏலத்தில் கைக்கு வந்த பணத்தையும் டைட்டஸின் பங்கு என்று கோர்ட்டுத் தீர்ப்பால் திருப்பிக் கொடுக்க நேர்ந்தது. அவர் கொடுத்தது 4,200 கில்டர். இன்னொரு பாக்கி கீர்ட்யாவின் ஐந்து வருஷம். அவனுடைய படங்களின் இன்றைய விலையைச் சொல்லி இந்த இரண்டையும் நேர்செய்துவிடலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். அந்தப் பணம் அவர்களுக்குப் போய்ச் சேரவில்லை. உலகத்துக்கு அவன் கொடுத்தது வேறு பேரேடு. அதை வாங்கிக்கொண்ட நாம், இந்தப் பேரேட்டைக் கிழித்துப் போடாமல் இருந்தால் போதும்.