ஹனாபி தைக்காய்: ஜப்பானின் கோடை வாணவேடிக்கை விழா

ஹனாபி தைக்காய் என்பது ஜப்பானில் பெரும்பாலும் ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் ஆற்றங்கரையிலும் ஏரிக்கரையிலும் கடலோரத்திலும் ஊர் திரண்டு பார்க்கும் வாணவேடிக்கை விழா. ‘ஹனா’ என்றால் பூ, ‘ஹி’ என்றால் நெருப்பு. இரண்டும் சேர்ந்து ‘ஹனாபி’. பூச்சட்டி, பூவாணம் என்று சொல்லிப் பழகிய தமிழருக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. ஆனால் இதைத் தீபாவளியோடு ஒப்பிட முடியாது. குச்சியில் கட்டிய சிறு மத்தாப்புகளை வீட்டு வாசலில் கொளுத்தும் வழக்கம் அங்கும் உண்டென்றாலும், விழாவில் வாணம் விடுபவர்கள் பயிற்சி பெற்ற தொழிலாளர் மட்டுமே. மற்றவர்களுக்கு அண்ணாந்து பார்ப்பதுதான் வேலை. நம் கோயில் திருவிழாக்களின் கடைசி நாள் வாணவேடிக்கைதான் இதற்கு நெருங்கிய உறவு.

இந்த விழா இறந்தவர்களுக்கான அஞ்சலியாகத் தொடங்கியது என்று சுற்றுலாக் கையேடுகள் எழுதுகின்றன. அது எவ்வளவு தூரம் உண்மை என்பது இதன் வரலாற்றிலேயே சுவையான பகுதி.

தோற்றம்

1543இல் தனெகஷிமா தீவில் இறங்கிய போர்த்துகீசியர் வழியாகத் துப்பாக்கி ஜப்பானுக்கு வந்தது. அதோடு வெடிமருந்தும் நாடெங்கும் பரவியது. உள்நாட்டுப் போர்கள் ஓய்ந்து தொக்குகாவா குலத்தின் ஆட்சி நிலைபெற்றபோது மருந்துக்கு வேறு பயன் கிடைத்தது. 1613இல் அந்த ஆட்சியை நிறுவிய தொக்குகாவா இயெயாசு சும்பு கோட்டையில் வாணவேடிக்கை பார்த்தார் என்ற குறிப்பைத் தொடக்ககாலச் சான்றாக பல நூல்கள் எடுத்துக்காட்டுகின்றன.

தலைநகர் எடோ, அதாவது இன்றைய தோக்கியோ, மரத்தாலும் காகிதத்தாலும் ஆன நகரம். தீ அங்கே தீராத பயம். ஆற்றோரம் தவிர நகரில் வேறெங்கும் வாணம் விடக்கூடாது என்று 1648இல் தடை வந்தது. வாணவேடிக்கையை ஆற்றங்கரை விழாவாக்கியது இந்தத் தடைதான் என்று சொல்லலாம். 1657இல் நகரின் பெரும்பகுதி எரிந்து சாம்பலானது. ஆற்றைக் கடந்து ஓட வழியின்றிப் பலர் மாண்டதால், சுமிதா ஆற்றின் குறுக்கே ரியோகொகு பாலம் கட்டப்பட்டது. தீ தாவாமலிருக்கப் பாலத்தின் இரு முனைகளிலும் திடல்களை வெறுமையாக விட்டார்கள். வெறும் திடலைச் சந்தை விட்டுவைக்குமா? தேநீர்க் கடைகளும் வித்தைக்காரர்களும் வந்து குவிந்தனர். தீயிலிருந்து தப்பிக்கக் கட்டிய பாலம், நகரமே கூடி நெருப்பை வேடிக்கை பார்க்கும் இடமாயிற்று.

1659இல் யாஹெய் என்பவர் எடோவில் ‘காகியா’ என்ற வாணக்கடையைத் தொடங்கினார். நாணற்குழாயில் மருந்து அடைத்து விற்ற சிறு விளையாட்டுப் பொருளே அவருடைய முதல் சரக்கு.

1733ஆம் ஆண்டின் கதை

1732இல் மேற்கு ஜப்பானில் பெரும் பஞ்சம், எடோவில் கொள்ளைநோய். மறு ஆண்டு ஷோகுன் (படைத்தலைவரான ஆட்சியாளர்) யொஷிமுனே இறந்தோர் ஆன்மா அமைதிபெற ஆற்றில் நீர்த் தெய்வத்துக்கு வழிபாடு நடத்தினார், அன்று விட்ட வாணங்களே இவ்விழாவின் தொடக்கம் என்பது வழிவழி வரும் கதை. நோயின் பெயரைக் காலரா என்றே பலர் எழுதுகிறார்கள். ஆனால் காலரா ஜப்பானுக்குள் முதன்முதலில் நுழைந்தது 1822இல். அண்மைக்கால ஆய்வாளர் சிலர் கதை முழுவதையுமே ஐயுறுகின்றனர்.

உறுதியாகத் தெரிவது இவ்வளவே: சந்திர நாட்காட்டியின் ஐந்தாம் மாதம் 28ஆம் நாள் ‘ஆறு திறப்பு’. அன்று முதல் மூன்று மாதங்கள் படகுகளில் மாலைக்காற்று வாங்கலாம், ஆற்றோரக் கடைகள் இரவிலும் நடக்கலாம். வாணத்துக்குப் பணம் கொடுத்தவர்கள் படகுக்காரர்களும் உணவுவிடுதிக்காரர்களும். புழுக்கத்தில் தவித்த நகரத்தாரை ஆற்றுக்கு இழுக்கும் வியாபார உத்தி அது. பக்தி கலந்திருக்கலாம், கணக்குப் புத்தகத்தில் லாபமும் கலந்திருந்தது.

தமாயா!

வானில் வாணம் விரியும்போது கூட்டத்தில் யாராவது ‘தமாயா!’ என்று நீட்டிக் கத்துவார்கள். அது ஒரு கடையின் பெயர். காகியாவில் கணக்குப் பார்த்துவந்த செய்ஷிச்சி 1810இல் பிரிந்து தமாயாவைத் தொடங்கினார். ‘காகி’ சாவி, ‘தமா’ மணி; காகியா குடும்பம் வழிபட்ட இனாரி கோயிலின் இரு நரிச்சிலைகளில் ஒன்று சாவியையும் மற்றது மணியையும் வைத்திருந்ததால் பெயர்களும் அப்படியே அமைந்தன என்பர். பாலத்துக்கு மேற்புறம் தமாயா, கீழ்ப்புறம் காகியா என்று ஆற்றைப் பங்கிட்டுக்கொண்டு மாறி மாறி வாணம் விட்டனர். கூட்டம் தனக்குப் பிடித்த கடையின் பெயரைச் சொல்லிக் கூவியது.

1843இல் தமாயாவில் தீப்பிடித்து அக்கம்பக்கத்துத் தெருவும் எரிந்தது. ஷோகுன் நிக்கோ என்ற புனிதத் தலத்துக்கு யாத்திரை புறப்படும் தறுவாயில் நேர்ந்ததால் குற்றம் இரட்டிப்பாயிற்று. கடைக்காரர் நகரை விட்டு விரட்டப்பட்டார். மொத்தம் 33 ஆண்டுகள் நடந்த கடை அது. ஒன்றே முக்கால் நூற்றாண்டு கடந்தும் அதன் பெயரைத்தான் மக்கள் கூவுகிறார்கள். தோற்றவரிடம் மனம் சாயும் எடோ நகரத்தாரின் குணம் என்று இதற்குக் காரணம் சொல்வதுண்டு. ‘தமாயா’ வாய்க்கு எளிது என்பதும் காரணமாக இருக்கலாம். காகியா இன்றும் இருக்கிறது. அதன் பதினைந்தாம் தலைமுறைத் தலைவர் ஒரு பெண்.

நிறமும் உருண்டையும்

1858இல் ஹிரோஷிகே வரைந்த ரியோகொகு வாணவேடிக்கைப் படத்தில் தெரிவது கருநீல வானமும் செம்மஞ்சள் பொறிகளும் மட்டுமே. அது ஓவியரின் சிக்கனமன்று. வெடியுப்பு, கந்தகம், கரி மூன்றையும் கொண்டு அந்த நிறத்துக்கு மேல் காட்ட முடியாது. பேரரசர் மெய்ஜி காலத்தில் பொட்டாசியம் குளோரேட் முதலான இரசாயனங்கள் இறக்குமதியான பிறகே சிவப்புக்கு ஸ்ட்ரான்சியம், பச்சைக்குப் பேரியம், நீலத்துக்குச் செம்பு என்று வானம் நிறம் பெற்றது.

ஜப்பானிய வாணத்தின் தனிச்சிறப்பு அதன் உருண்டை வடிவம். எந்தக் கரையிலிருந்து பார்த்தாலும் பூ வட்டமாகவே தெரியும். சிறு மணியொன்றைக் கருவாக வைத்து, சுழலும் கொப்பரையில் ஈரமருந்து பூசி, வெயிலில் உலர்த்தி, மறுபடி பூசி, பல நாளில் ஒரு ‘நட்சத்திரம்’ வளர்க்கிறார்கள். பூசும் மருந்தை இடையிடையே மாற்றினால் எரியும்போது நிறம் மாறும். இந்த நட்சத்திரங்களைக் காகிதக் கிண்ணங்களின் உட்சுவரையொட்டி அடுக்கி, நடுவே உமியில் மருந்து பூசிய வெடிப்பொருளை நிரப்பி, இரண்டு கிண்ணங்களையும் பொருத்தி, மேலே காகிதம் ஒட்டி ஒட்டி இறுக்குகிறார்கள். காகித ஒட்டு எங்காவது தளர்ந்தால் வானத்தில் பூ கோணும். மேலேறும் வேகம் தீர்ந்து, விழத் தொடங்குமுன் உருண்டை ஒரு கணம் நிற்கும் அல்லவா, சரியாக அந்தக் கணத்தில் வெடிக்க வேண்டும். வால் விட்டு விரிந்தால் ‘கிக்கு’ (செவ்வந்தி). வாலின்றிப் புள்ளிகளாக விரிந்தால் ‘போத்தான்’ (பியோனிப் பூ).

அளவைச் சொல்லப் பழைய முழக்கணக்கே நிலைத்திருக்கிறது. ஒரு ‘ஷாக்கு’ உருண்டை சுமார் 30 சென்டிமீட்டர் விட்டமுடையது. 300 மீட்டருக்கு மேல் ஏறி ஏறத்தாழ அதே அகலத்துக்கு விரியும். நீகதா மாநிலத்தின் கதகாய் என்ற சிற்றூரில் செப்டம்பர் விழாவுக்கு விடும் நான்கு ஷாக்கு உருண்டையின் எடை சுமார் 420 கிலோ. அவ்வூரில் வாணத்துக்குப் பணம் கொடுப்பவை குடும்பங்கள். குழந்தை பிறந்தது, அறுபது நிறைந்தது, தந்தை இறந்து ஓராண்டாயிற்று என்று ஒவ்வொன்றின் காரணத்தையும் ஒலிபெருக்கியில் அறிவித்துவிட்டுத்தான் கொளுத்துவார்கள்.

பார்க்கப் போவது

பெரிய விழாவுக்குப் பகலிலேயே போய்விட வேண்டும். ஆற்றங்கரையில் நெகிழிப் பாயை விரித்து, நான்கு மூலையிலும் கல் வைத்து இடம் பிடிப்பார்கள். ‘யுகாத்தா’ என்ற மெல்லிய பருத்தி அங்கி, மரச்செருப்பு, கையில் காகித விசிறி. யுகாத்தாவின் இடப்பக்கம் வலப்பக்கத்தின் மேல் வர வேண்டும்; மாற்றி உடுத்துவது பிணத்துக்கு மட்டும். கடைகளில் பெரிய இரும்புக்கல்லில் புரட்டிய நூடுல்ஸ், கணவாய்ப் பொரியல், பாகு ஊற்றிய ஐஸ் சீவல். ‘ராமுனே’ கேட்டால் கழுத்தில் கோலி உருளும் புட்டி வரும். கோலிசோடா குடித்தவர்களுக்கு அது புதிதல்ல. ஹைரம் காட் என்ற ஆங்கிலேயர் வடிவமைத்த புட்டியே இரு நாடுகளுக்கும் போய்ச் சேர்ந்தது.

முதல் வாணம் ஏழு, ஏழரை மணியளவில். ஒளி வந்த பிறகு ஓசை வந்து நெஞ்சில் மோதும். முடிந்ததும் அவரவர் குப்பையை அவரவரே எடுத்துக்கொண்டு ரயில் நிலையத்தை நோக்கி மெல்ல நகர்வார்கள். இந்த ஒழுங்கு தானாக வந்ததன்று. 2001 ஜூலை 21 அன்று அகாஷி நகரில் விழாவுக்கும் ரயில் நிலையத்துக்கும் இடையிலிருந்த நடைமேம்பாலத்தில் நெரிசல் ஏற்பட்டு 11 பேர் இறந்தனர்; அவர்களில் ஒன்பது பேர் குழந்தைகள். அதன் பிறகே கூட்டப் பாதுகாப்புக்கான சட்ட ஏற்பாடுகள் கடுமையாயின.

ரியோகொகு பாலத்தருகே தொடங்கிய சுமிதா விழாவும் தொடர்ச்சியாக நடந்ததன்று. போரில் நின்று, 1948இல் மீண்டு, போக்குவரத்து நெரிசலாலும் ஆற்றின் நாற்றத்தாலும் 1961க்குப் பிறகு மறுபடி நின்றது. ஆறு தெளிந்த பின் 1978இல் புதுப்பெயரோடு மீண்டது. இப்போது ஜூலைக் கடைசிச் சனிக்கிழமை ஏறத்தாழ 20,000 வாணங்கள்.

நாகாவோகா

சுமிதா கரையில் ஐயத்துக்குரியதாயிருக்கும் அஞ்சலிக் கதை, நீகதா மாநிலத்தின் நாகாவோகாவில் ஐயத்துக்கு இடமின்றி உண்மை. அங்கே 1879இல் விழா தொடங்கியபோது அஞ்சலி ஏதுமில்லை. கோயில் திருவிழாவுக்கு விலைமகளிர் தெருவினர் பணம் போட்டு விட்ட 350 வாணங்கள் மட்டுமே. 1945 ஆகஸ்டு 1 இரவு பத்தரை மணிக்கு அமெரிக்க விமானங்கள் வந்தன. தீக்குண்டுகளில் நகரின் பெரும்பகுதி எரிந்தது. ஏறத்தாழ 1,500 பேர் மாண்டனர். இரண்டே ஆண்டில், 1947இல், வானிலிருந்து நெருப்பு விழுந்த அதே ஊரார் மறுபடி வானத்துக்கு நெருப்பு அனுப்பினர். 2004 நிலநடுக்கத்துக்குப் பிறகு, மறு ஆண்டு முதல், ஷினானோ ஆற்றங்கரையில் சுமார் இரண்டு கிலோமீட்டர் நீளத்துக்கு விரியும் ‘பீனிக்ஸ்’ என்ற வாணத் தொடரும் விழாவில் சேர்ந்தது.

அவ்வூர் வாணக்கலைஞர் கசே செய்ஜி சைபீரியாவில் போர்க்கைதியாக இருந்து திரும்பியவர். அங்கே மாண்ட தோழர்களுக்காக வெள்ளை நிறம் மட்டும் கொண்ட ‘ஷிராகிக்கு’ (வெண்செவ்வந்தி) என்ற வாணத்தைச் செய்து, 1990இல் ருசியாவின் கபரோவ்ஸ்க் நகரில் ஆமூர் ஆற்றின் மேல் விட்டார். 2015 ஆகஸ்டு 15 அன்று நாகாவோகா வாணங்கள் பேர்ல் துறைமுகத்தின் மேல் விரிந்தன. அத்துறைமுகத் தாக்குதலைத் திட்டமிட்ட அட்மிரல் யமமோத்தோ பிறந்த ஊர் நாகாவோகா.

ஒவ்வோர் ஆண்டும் ஆகஸ்டு 1 இரவு பத்தரை மணிக்குக் கோயில் மணிகள் ஒலிக்க வெண்செவ்வந்தி விடப்படுகிறது. பெருவிழா ஆகஸ்டு 2, 3 ஆகிய இரு நாட்களில். வார இறுதியில் வைத்தால் கூட்டம் இன்னும் சேரும். ஆனாலும் எந்தக் கிழமையில் வந்தாலும் நாகாவோகா நாளை மாற்றுவதில்லை.