திருமலை வரிசையில் நான் பார்க்காத ராஜா

நான் படித்தது பி.காம். பிழைப்பு லண்டனில், வங்கி வேலை. சிற்பக்கலைக்கும் எனக்கும் காத தூரம். போன சனிக்கிழமை மகளோடு பிரிட்டிஷ் மியூசியம் போனதில் வந்த வம்பு இது.

அங்கே வட்டு எறியும் வீரன் சிலை ஒன்று இருக்கிறது. கி.மு. 5ஆம் நூற்றாண்டில் கிரேக்கச் சிற்பி மைரான் வெண்கலத்தில் செய்ததற்கு ரோமானியர் காலத்தில் எடுத்த பளிங்கு நகல். மூலம் இன்று இல்லை. வெண்கலத்தை உருக்கினால் காசாயிற்றே! கிரேக்க வெண்கலங்களில் பெரும்பாலானவை பிற்காலத்தில் உலைக்குத்தான் போயின. பலவற்றை நாம் அறிவதே ரோமானிய நகல்களின் புண்ணியத்தில்தான்.

அந்த வீரன் யாரென்று பெயர் கிடையாது. மனித உடம்பு எப்படி இருக்க வேண்டும் என்று ஒரு கணக்கு, அவ்வளவுதான். பாலிக்ளீட்டஸ் என்ற சிற்பி உடல் அளவுகளுக்கு ஒரு நூலே எழுதினார். நம் ஸ்தபதிகளின் தாலமானம் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

ரோமானியர் செய்த தலைகள் வேறு ரகம். வழுக்கை, நெற்றிச் சுருக்கம், தொங்கும் தாடை எல்லாம் அப்படியே. பெரிய குடும்பங்களில் முன்னோரின் மெழுகு முகங்களை வீட்டுக் கூடத்தில் வைத்திருப்பார்களாம், நாம் தாத்தா போட்டோ மாட்டுகிற மாதிரி.

மகள் கேட்டாள்: "அப்பா, நம்ம ஊர் ராஜாக்கள் முகம் எப்படி இருக்கும்?"

"நாம சாமியைத்தாம்மா செஞ்சோம், ராஜாவை இல்லை" என்று சொல்லிவிட்டேன். ராத்திரி படுத்த பிறகுதான் உறைத்தது. எவ்வளவு பெரிய பொய்!

எனக்குச் சொந்த ஊர் சந்திரகிரி. ராஜமகால் நிழலில் விளையாடி வளர்ந்தவன். திருமலைக்கு எத்தனை முறை ஏறியிருப்பேன், கணக்கே இல்லை. மகாத்துவாரம் தாண்டியதும் வலப்பக்கம் கிருஷ்ணதேவராயர், இருபுறமும் திருமலாதேவி, சின்னாதேவி. செம்பில் ஆளுயரச் சிலைகள். 1517இல் ராயரே வைத்தவை. யாரென்று சந்தேகம் வராதபடி தோளில் பெயரும் பொறித்திருக்கிறது.

சுமார் 1520இல் விஜயநகரம் வந்த போர்த்துகீசியர் பயஸ், ராயர் நடுத்தர உயரம், சற்றே பருமன், முகத்தில் அம்மைத் தழும்பு என்று எழுதிவைத்தார். சிலையில் தழும்பைத் தேடாதீர்கள். வழவழப்பான இளமுகம். இதில் நம் சிற்பி கிரேக்கன் கட்சி. ரோமிலும் இது உண்டு: அகஸ்டஸ் 75 வயதில் இறந்தார், சிலைகளில் கடைசிவரை இளைஞர்தான்.

ஆனால் ஒரு வித்தியாசம். வத்திக்கானில் உள்ள புகழ்பெற்ற சிலையில் அகஸ்டஸ் கவசம் அணிந்து, வலக்கையை உயர்த்தி, படைக்கு முன் பேசுவதுபோல் நிற்கிறார். ஒரிசாவின் கஜபதியையே வென்ற ராயரோ வாசலருகே மனைவியரோடு கைகூப்பி நிற்கிறார். பெயர் ராஜாவுடையது, நிற்பது வரிசையில் நிற்கும் நம்மைப் போல.

காலையில் மகளிடம் தப்பை ஒப்புக்கொண்டேன். "போட்டோ எடுத்துக் காட்டுப்பா" என்றாள். கோயிலுக்குள் கேமரா, செல்போன் எதற்கும் அனுமதி இல்லை. நேரில்தான் பார்க்க வேண்டும். கோடை விடுமுறைக்கு லீவு கேட்டிருக்கிறேன்.

நீங்களும் குழந்தைகளோடு போனால், "ஜரகண்டி" என்று நகர்த்துவதற்குள் வலப்பக்கம் ஒரு நிமிடம் திரும்பிப் பாருங்கள். இத்தனை வருடம் நான் திரும்பவில்லை.