அமாவாசை நிலாவில் ஒரு சோதனை

காட்டுப்பள்ளி கடற்கரையில நின்னு வடக்கே பாருங்க. பழவேற்காட்டைத் தாண்டினா ஸ்ரீஹரிகோட்டா. 2023 ஜூலை 14 அன்று சந்திரயான்-3 கிளம்பினது அங்கிருந்துதான். அதன் விக்ரம் லேண்டரில் நாசா கொடுத்த ஒரு சின்னப் பிரதிபலிப்பான் இருந்தது. லேசர் ஒளி பட்டா, வந்த வழியே திருப்பி அனுப்பும். நிலாவைச் சுற்றும் விண்கலங்களுக்கு அது ஒரு அடையாளம்.

இதோட அண்ணன் ஒருத்தர் 1969லேயே நிலாவுக்குப் போயாச்சு. ஐன்ஸ்டீனையே சோதிச்ச அவரோட கதைதான் இன்னைக்கு.

கரையில கிடக்குற படகைத் தூக்கினா கனக்குது. அது ஈர்ப்பு நிறை. தண்ணியில மிதக்குற படகைத் தள்ளினா, உடனே நகராம அடம்பிடிக்குது. அது நிலைம நிறை. இந்த ரெண்டும் ஏன் சமமா இருக்கணும்? ஐன்ஸ்டீனின் பொதுச் சார்பியல் இந்தச் சமத்துவத்தின் மேலதான் நிக்குது.

நம்ம நாட்டிலும் இதை ஒட்டிய சோதனைகள் நடந்திருக்கு. 1980களில் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் ராமநாத் கௌசிக் குழு, கர்நாடகாவின் கௌரிபிதனூரில், நிலத்தடியில் முறுக்குத் தராசு வெச்சு, வெவ்வேறு பொருள்கள் ஒரே மாதிரி ஈர்க்கப்படுதான்னு பார்த்தாங்க.

ஆனா தராசில் வைக்கிற துண்டுக்குச் சொந்த ஈர்ப்பு இல்லாத மாதிரிதான். பூமி அப்படி இல்லை. அதன் நிறையில் 1000 கோடியில் சுமார் 5 பங்கு அளவுக்கு, தன்னைத்தானே இறுக்கிக் கட்டியிருக்கும் ஈர்ப்பாற்றல் இருக்கு. நிலாவுக்கு அது ரொம்பக் குறைவு. 1968இல் அமெரிக்க இயற்பியலாளர் கென்னத் நார்ட்வெட் கேட்டார்: அந்த ஆற்றலும் மத்த நிறை மாதிரியே விழுமா?

விழலைன்னா, பூமியும் நிலாவும் சூரியனை நோக்கிச் சற்றே வேறுவேறா விழும். அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் நிலாவின் தூரம், ஐன்ஸ்டீன் கணக்கிலிருந்து மீட்டர் அளவில் விலகும். ஐன்ஸ்டீனுக்குப் போட்டியா 1961இல் வந்த பிரான்ஸ்-டிக்கி கொள்கை, அப்படி விலகும்னுதான் சொன்னது.

அடுத்த வருஷமே அப்பல்லோ 11 வீரர்கள் நிலாவில் பிரதிபலிப்பானை வெச்சாங்க. பூமியிலிருந்து லேசர் போய்த் திரும்ப சுமார் இரண்டரை நொடி. அந்த நேரத்தை வருஷக்கணக்கா அளந்து, 1976இல் இரண்டு குழுக்கள் முடிவு சொன்னாங்க: விலகல் இல்லை. ஐன்ஸ்டீன் தப்பிச்சார். போட்டிக் கொள்கைக்குப் பலத்த அடி. இன்னைக்கு அளவீடு 10 லட்சம் கோடியில் ஒரு பங்குக்கும் கீழே நுணுக்கமாயிருக்கு. பதில் மாறலை.

அமாவாசை, பௌர்ணமி பார்த்துக் கடலின் ஏற்றத்தைக் கணிக்குறவங்க நம்ம மீனவர்கள். அந்த விஞ்ஞானிகள் தேடினதும் அதே தாளத்தில் வரும் ஒரு அசைவைத்தான். அடுத்த எபிசோடில் சந்திப்போம்.