வாசகர் கடிதங்களும் பாதாள உலகமும்

1944ம் வருஷத்து அமெரிக்கப் பத்திரிகை இதழ்கள் இரண்டை அருகருகே வைத்துப் பார்த்தால், நம்பிக்கையைப் பற்றியும் சந்தேகத்தைப் பற்றியும் நாம் வழக்கமாகப் பேசிவருவதில் எவ்வளவு மேம்போக்கு இருக்கிறது என்பது தெரியவரும். இரண்டும் மட்டமான காகிதத்தில், கண்ணைப் பறிக்கும் அட்டையோடு வந்த விஞ்ஞானக் கதைப் பத்திரிகைகள். 'அஸ்டௌண்டிங்' தன் மார்ச் இதழில் க்ளீவ் கார்ட்மில் என்பவரின் கதையொன்றை வெளியிட்டது. யுரேனியம் 235ஐப் பிரித்தெடுத்துச் செய்யும் வெடிகுண்டு அதில் வருகிறது. கதை என்ற அளவில் அது சாதாரணமானது. ஆனால் அணுகுண்டுத் திட்டம் மகா ரகசியமாக நடந்துகொண்டிருந்த சமயம் அது. ராணுவ உளவுப் பிரிவினர் பத்திரிகாலயத்துக்கு வந்து ஆசிரியர் ஜான் காம்ப்பெல்லை விசாரித்தார்கள். நூலகத்தில் எவரும் படிக்கக் கிடைக்கும் விஷயங்களிலிருந்து எழுதப்பட்டதுதான் என்று விளக்கம் சொல்லப்பட்டது. மறு வருஷம் ஆகஸ்டில் ஹிரோஷிமா.

மற்றது 'அமேஸிங் ஸ்டோரீஸ்'. அதன் ஜனவரி இதழில், வாசகர் கடிதப் பகுதியில், பென்ஸில்வேனியாவிலிருந்து ரிச்சர்ட் ஷேவர் என்ற தொழிலாளி எழுதிய கடிதம் வெளியாயிற்று. ஆங்கில அரிச்சுவடியின் ஒவ்வொரு எழுத்துக்குள்ளும் ஆதிமொழி ஒன்றின் பொருள் ஒளிந்திருக்கிறது. அந்த மொழியின் பெயர் மாண்டாங். 'டி' என்ற எழுத்து அழிவு சக்தியைக் குறிக்கும், இன்னொன்று ஆக்க சக்தியைக் குறிக்கும், இப்படி. துணையாசிரியர் ஹோவர்ட் ப்ரௌன் சிரித்துவிட்டுக் குப்பைக் கூடையில் போட்ட கடிதம் இது. ஆசிரியர் ரேமண்ட் பாமர் அதை எடுத்துப் பிரசுரித்தார்.

இரண்டு வருஷங்களுக்குள் ஒரு பத்திரிகை தீர்க்கதரிசியாகவும் மற்றது கேலிப்பொருளாகவும் ஆயின. வழக்கமாகச் சொல்லப்படும் சரித்திரம் இங்கே நின்றுவிடுகிறது. எனக்கு அக்கறை இதற்குப் பின் நடந்தவற்றில்தான்.

பாமர் சிறு வயதில் விபத்தில் முதுகெலும்பு சிதைந்தவர். உயரம் சுமார் நாலடி. கதைகளில் வளர்ந்தவர். 1926ல் ஹ்யூகோ கெர்ன்ஸ்பாக் தொடங்கிய 'அமேஸிங்' கைமாறிக் கைமாறி 1938ல் சிகாகோவின் ஸிஃப்-டேவிஸ் கம்பெனியிடம் வந்தபோது அதன் ஆசிரியரானார். கெர்ன்ஸ்பாக் காலத்தில் ஒரு நல்ல வழக்கம் இருந்தது. கடிதம் எழுதும் வாசகனின் முகவரியையும் சேர்த்து அச்சிடுவார்கள். இதனால் வாசகர்கள் ஒருவருக்கொருவர் எழுதிக்கொண்டார்கள், சங்கம் வைத்தார்கள், கையச்சுப் பத்திரிகை நடத்தினார்கள், சண்டை போட்டுக்கொண்டார்கள். நம் சிறுபத்திரிகைச் சூழ்நிலையை அறிந்தவர்களுக்கு இதற்கு மேல் வர்ணனை வேண்டியதில்லை. கதைக்கு இணையாக, சில சமயம் கதையைவிட உயிர்ப்போடு, கடிதப் பகுதி இருந்தது. அதன் பலத்தைப் பாமர் நன்றாகப் புரிந்துகொண்டிருந்தார்.

மாண்டாங் கடிதத்துக்குப் பதில்கள் வந்தன. பாமர் ஷேவரிடம் மேலும் கேட்டார். எதிர்கால மனிதனுக்கு எச்சரிக்கை என்ற தலைப்பில் ஒரு நீண்ட கையெழுத்துப் பிரதி வந்தது. அதை வைத்து முப்பத்தோராயிரம் சொற்கள் கொண்ட குறுநாவலாகப் பாமர் திருப்பி எழுதி, 'எனக்கு லெமூரியா நினைவிருக்கிறது' என்ற தலைப்பிட்டு, 1945 மார்ச்சில் வெளியிட்டார். பூமிக்கடியில் பிரம்மாண்டமான குகைகள். முன்பு வாழ்ந்த மேலான இனம் அவற்றை விட்டு வானுலகுக்குப் போய்விட்டது. எஞ்சிய இயந்திரங்களைச் சீரழிந்த ஒரு கூட்டம் கைப்பற்றிக்கொண்டு, கண்ணுக்குத் தெரியாத கதிர்களால் மேலே இருக்கிற நம் மனங்களைச் சித்திரவதை செய்கிறது. நம் விபத்துகளும் பைத்தியங்களும் யுத்தங்களும் அவர்கள் வேலை. சாகசக் கதைக்குப் பழைய சரக்குதான். ஆனால் பாமர் செய்த ஒரு காரியம் புதியது. இது கதையல்ல, நடந்தது என்று பத்திரிகையில் அறிவித்தார்.

கடிதங்கள் குவிந்தன. ஐம்பதினாயிரம் என்பது பாமர் சொன்ன கணக்கு. பாமர் சொன்ன எந்தக் கணக்கையும் அப்படியே வரவு வைத்துக்கொள்ள முடியாது. ஆனால் வழக்கத்தைவிட மிக அதிகமாக வந்தன என்பதும் பத்திரிகை நன்றாக விற்றது என்பதும் உண்மை. பாரீஸில் ஒரு கட்டிடத்தின் லிஃப்டில் அடித்தளத்துக்கும் கீழே போய் அகப்பட்டுக்கொண்டதாக ஒரு பெண் எழுதினாள். பர்மா யுத்தத்தில் விமானியாக இருந்ததாகச் சொல்லிக்கொண்ட ஒருவர், காரகோரம் மலையடிவாரக் குகையிலிருந்து துப்பாக்கியால் சுட்டுக்கொண்டே தப்பி வந்ததாகவும், தயவுசெய்து இந்த விவகாரத்தை இத்தோடு விட்டுவிடும்படியும் 1946ல் எழுதினார். இதில் எவை நிஜமான வேதனை, எவை குறும்பு, எவை ஆசிரியர் மேஜையிலேயே தயாரானவை என்று இன்று பிரித்துச் சொல்ல முடியாது.

ஷேவரின் வேதனை மட்டும் நிஜம். மோட்டார் தொழிற்சாலையில் பற்றவைக்கும் வேலை செய்தபோது கருவி வழியாகப் பிறர் எண்ணங்கள் தனக்குக் கேட்க ஆரம்பித்தன என்று அவரே சொல்லியிருக்கிறார். 1930களில் மிச்சிகனில் மனநோய் மருத்துவமனையில் இருந்தவர். குகைகளில் கழித்ததாக ஷேவர் சொன்ன எட்டு வருஷமும் உண்மையில் மருத்துவமனையில் கழிந்தது என்று, எல்லாம் ஓய்ந்த பிறகு, பாமரே எழுதினார். தொலைவிலிருந்து தன் மனத்தை ஆட்டிவைக்கும் இயந்திரம் ஒன்று இருக்கிறது என்று நம்பும் நோயாளிகளைப் பற்றி வியன்னாவில் விக்டர் டாஸ்க் 1919லேயே கட்டுரை எழுதிவிட்டார். ஷேவரின் குகை இயந்திரங்கள் அந்த வர்ணனையோடு அப்படியே ஒத்துப்போகின்றன. தன் தலைக்குள் நடந்த கொடுமைக்குப் பூகோளம், சரித்திரம், அரிச்சுவடி எல்லாம் செய்துகொண்ட மனிதன் அவர். ஒருவகையில் சிருஷ்டிகர்த்தா. அந்தச் சிருஷ்டியைக் கதை என்று அச்சிட்டிருந்தால் அவருக்கு ஒரு பாதுகாப்பு இருந்திருக்கும். நிஜம் என்று அச்சிட்டதன் மூலம் பாமர் அந்தப் பாதுகாப்பைப் பிடுங்கிக்கொண்டார். ஷேவரைப் போலவே குரல்கள் கேட்டுக்கொண்டிருந்த மற்றவர்களுக்கும் அச்சுச் சாட்சி கிடைத்துவிட்டது.

எதிர்த்தவர்கள் யார்? விஞ்ஞானக் கதை ரசிகர்களே. ஆனால் அவர்களுடைய எதிர்ப்பைச் சந்தேக மனோபாவம் என்று சொல்ல எனக்குத் தயக்கமிருக்கிறது. நியூயார்க்கில் குவீன்ஸ் பகுதி ரசிகர் சங்கம், ஷேவர் கதைகள் வாசகர்களின் புத்தி சுவாதீனத்துக்கு ஆபத்து என்று தீர்மானம் போட்டு, ஒழுக்கக்கேட்டை ஒடுக்கும் சங்கத்திடம் கொண்டுபோயிற்று. ஜாய்ஸின் 'யுலிஸிஸ்' பகுதிகளை வெளியிட்டதற்காக 'லிட்டில் ரிவ்யூ' என்ற சிறுபத்திரிகை மீது வழக்குத் தொடர வைத்த அதே சங்கம்! குகை இருக்கிறதா இல்லையா என்று கேட்டவர்கள் குறைவு. நம் இலக்கியத்தின் மானம் போகிறது என்பதே பெருங்கூச்சல். கௌரவக் கவலை வேறு, சந்தேகம் வேறு. 1948ல் கம்பெனி ஷேவர் விவகாரத்தை நிறுத்திவிட்டது. அதே வருஷம் பாமர் கூட்டாளியோடு 'ஃபேட்' என்ற பத்திரிகையை ஆரம்பித்தார். முதல் இதழில் பறக்கும் தட்டு. 1947 ஜூன் 24ம் தேதி ரெய்னியர் மலையருகே ஒன்பது பொருள்கள் பறந்ததைக் கண்டதாகச் சொன்ன கென்னத் அர்னால்டின் கட்டுரை. பாதாளத்திலிருந்து ஆகாயத்துக்கு மாறியதுதான் வித்தியாசம்.

இனி, தீர்க்கதரிசியின் பக்கம். காம்ப்பெல் பௌதிகம் படித்தவர். கதையில் விஞ்ஞானம் தவறக்கூடாது என்று எழுத்தாளர்களை வாட்டி எடுத்தவர். அவருடைய கடிதப் பகுதியில் எழுதியவர்களில் இஞ்சினியர்களும் விஞ்ஞானிகளும் உண்டு. இந்தக் காம்ப்பெல்தான் 1950 மே இதழில், தன் பத்திரிகையின் கதாசிரியர் ரான் ஹப்பார்டின் 'டையனெடிக்ஸ்' என்ற மனச்சிகிச்சையை, கதையாக அல்ல, விஞ்ஞானமாகவே வெளியிட்டார். 1956ல் ஹைரோனிமஸ் என்பவரின் கருவிக்காக வாதாடினார். அந்தக் கருவிக்குப் பதில் அதன் மின்சுற்றுப் படத்தைக் காகிதத்தில் வரைந்து வைத்தாலும் வேலை செய்கிறது என்றார். 1960ல், எதையும் பின்னுக்குத் தள்ளாமலே முன்னே போகும் டீன் யந்திரம். நியூட்டனின் மூன்றாம் விதி அங்கே விடுமுறையில் போயிருந்தது.

பாமர் விற்பனைக்காகச் செய்தார் என்று சொல்லிவிடலாம். காம்ப்பெல் உண்மையிலேயே நம்பினார். அணுகுண்டு விஷயத்தில் நிபுணர்கள் சிரித்திருக்கக்கூடிய ஒன்றைத் தன் பத்திரிகை முன்பே சொல்லிவிட்டது; ஆகவே நிபுணர்கள் சிரிப்பதெல்லாம் நாளைய உண்மை. இந்த 'ஆகவே' எப்படி வந்தது என்று அவர் தன்னைக் கேட்டுக்கொள்ளவில்லை. கார்ட்மில் கதை பலித்தது ஆசிரியரின் ஞானதிருஷ்டியால் அல்ல, வெளிவந்திருந்த பௌதிகத்தை ஒழுங்காகப் படித்ததால். பலித்ததை நினைவில் வைத்து, பலித்த காரணத்தை மறந்துவிட்டால் பகுத்தறிவாளனும் சோதிடனாகிவிடுகிறான்.

இவ்வளவையும் ஒரே புத்தகத்தில் வைத்துப் பார்த்தவர் மார்ட்டின் கார்ட்னர். அவருடைய புத்தகம் 1952ல் வந்தது. தட்டை பூமி, பறக்கும் தட்டு, வெலிகோவ்ஸ்கியின் மோதும் கிரகங்கள், வில்ஹெல்ம் ரைஹின் ஆர்கோன் சக்தி, டையனெடிக்ஸ் என்று அத்தியாயத்துக்கு ஒன்றாக எடுத்துக்கொண்டு, நிதானமாக, பெரும்பாலும் சிரிப்போடு, ஆராய்ந்திருக்கிறார். 1957ல் மறுபதிப்பு வந்தபோது முன்னுரையில் தனக்கு வந்த கடிதங்களைப் பற்றி எழுதினார். கோபமான கடிதங்கள் நிறைய. ஆனால் அவற்றில் ஒரு விசித்திரம். பெரும்பாலான கடிதக்காரர்கள் ஒரே ஒரு அத்தியாயத்தைத்தான் ஆட்சேபித்தார்கள். மற்றவை பிரமாதம் என்றார்கள்.

சந்தேகம் என்ற குணத்தைப் பற்றி இதைவிடத் தெளிவான ஒரு சாட்சியத்தை நான் படித்ததில்லை. சந்தேகப்படத் தெரியாதவன் என்று எவனும் இல்லை. ரைஹை நம்புகிறவன் தட்டை பூமிக்காரனைப் பார்த்துச் சிரிக்கிறான். வெலிகோவ்ஸ்கிக்காரன் இருவரையும் பார்த்துச் சிரிக்கிறான். அடுத்தவன் அத்தியாயத்தில் எல்லோரும் கார்ட்னர்களே. நான் வேலை பார்க்கும் வங்கியில் ஒரு விதி. வவுச்சரை எழுதியவன் அதைத் தானே சரிபார்த்துக் கையெழுத்திடக் கூடாது. எழுதியவன் திருடன் என்பதால் அல்ல. தன் கையெழுத்தில் இருக்கும் எண் எவனுக்கும் சரியாகவே தெரியும் என்பதால். அறிவுத்துறையில் இந்த விதியை அமுல்படுத்த ஸ்தாபனம் ஏதுமில்லை. கடிதப் பகுதி ஒன்றுதான் ஓரளவு அதைச் செய்ய முடியும், ஆசிரியன் அனுமதித்தால்.

நம் அத்தியாயம் எது? ஷேவரின் தலைப்பிலேயே அது இருக்கிறது. லெமூரியா. 1864ல் ஸ்க்லேட்டர் என்ற ஆங்கில விலங்கியலார், லெமூர் என்ற பிராணி இனம் மடகாஸ்கரில் இருப்பதையும் அதன் உறவினங்கள் இந்தியாவில் இருப்பதையும் விளக்க, இந்து மகாசமுத்திரத்தில் முன்பு ஒரு கண்டம் இருந்திருக்கலாம் என்று ஊகித்து வைத்த பெயர். அந்நாளில் கௌரவமான விஞ்ஞான ஊகம். பிளாவட்ஸ்கி அம்மையார் 1888ல் அதைத் தன் ரகசியக் கோட்பாட்டில் சேர்த்து ஆதிமனித இனம் ஒன்றைக் குடியேற்றினார். தியாசபிக்காரர்களிடமிருந்தும் அவர்கள் வழிவந்தவர்களிடமிருந்தும் அமெரிக்க மலிவுப் பத்திரிகைகளுக்குப் போன பெயர், வேறு பாதைகளில், பாடப் புத்தகங்கள் வழியாகவும்கூட, நம்மிடம் வந்து குமரிக்கண்டத்தோடு ஒட்டிக்கொண்டது. 1960களில் நிலத்தட்டுகள் நகர்கின்றன என்பது உறுதியான பிறகு மூழ்கிய கண்டத்துக்கு விஞ்ஞானத்தில் தேவையே இல்லாமல் போய்விட்டது. 1981 ஜனவரியில் மதுரை உலகத் தமிழ் மாநாட்டில் நம் அரசாங்கம் குமரிக்கண்டத்தைப் பற்றி ஆவணப்படம் எடுத்துக் காட்டியது. கதைப்படமல்ல, ஆவணப்படம். பாமரின் அறிவிப்புக்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று கேட்கத் துணிந்த கடிதம் எதையும் நான் படித்ததில்லை.

பழைய உரைகளை நான் ஏளனம் செய்யவில்லை. களவியல் உரை மூன்று சங்கங்களுக்கு 4440, 3700, 1850 என்று ஆண்டுக்கணக்குச் சொல்கிறது. அடியார்க்கு நல்லார் பஃறுளிக்கும் குமரிக்கும் இடையே எழுநூற்றுக் காவதம், நாற்பத்தொன்பது நாடு என்கிறார். கடைசிப் பனியுகத்தின் உச்சத்தில் கடல்மட்டம் இன்றைவிடச் சுமார் 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. தமிழகக் கரையோரத்தில் நிலம் கடலுக்குள் போனது நிஜம். கடல்கொண்டதைப் பற்றிய நினைவும் அச்சமும் ஒரு கவிதைச் சமூகத்துக்குச் சொத்து. இழப்பைப் பற்றி நம்மிடமுள்ள மகத்தான கற்பனைகளில் ஒன்று அது. அதைக் கற்பனை என்று மதிக்கத் தெரியாமல், விலங்கியலார் கைவிட்ட ஒரு பெயரைக் கொண்டு அதற்கு நிஜ முத்திரை குத்துகிறோம். ஷேவருக்குப் பாமர் செய்ததும் இதுவே. அந்நியச் சொற்களை உடைத்து உடைத்துத் தமிழ் வேர் காணும் வழக்கத்தையும் மாண்டாங் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். பொருந்தும் சொற்களை எண்ணுவதும் பொருந்தாதவற்றை எண்ணாமல் விடுவதும் இரண்டுக்கும் பொது.

ஷேவர் 1975ல் இறந்தார், பாமர் 1977ல். கடைசி வருஷங்களில் ஷேவர் கற்களை அறுத்து, உள்ளே தெரியும் கோடுகளில் பழைய இனத்தின் படங்களைக் கண்டு, அவற்றைப் புகைப்படமெடுத்தும் ஓவியமாகத் தீட்டியும் வந்தார். இன்று அந்த ஓவியங்கள் கலைக்கூடங்களில் வைக்கப்படுகின்றன. கல்லில் படம் இருக்கிறதா என்று அங்கே யாரும் கேட்பதில்லை; கேட்க வேண்டிய அவசியமுமில்லை. முப்பது வருஷத்துக்கு முன் பாமர் தந்திருக்க வேண்டிய மரியாதை அது.

குமரிக்கண்டத்தைப் பற்றி மேலே எழுதியதற்குக் கடிதங்கள் வரும். மற்ற பகுதியெல்லாம் சரி, அந்த ஒரு பத்திதான் கூடாது என்று அவை சொல்லும் என்று எதிர்பார்க்கிறேன். ஆசிரியர் அவற்றை வெட்டாமல் வெளியிட வேண்டும். ஆதாரம் தருகிற கடிதத்துக்கு நான் பதில் எழுதுவேன்.