சிறிதளவு இறைச்சியும் பெரிய குடும்பமும்

வரலாறு என்றதும் ஒட்டுசுட்டானில் வாழும் எம் மாணவர் கற்சிலைமடுவையும் பண்டாரவன்னியனையும் 1803ஆம் ஆண்டையுமே நினைவுகூர்வர். அவ்வரலாறு போற்றற்குரியது. ஆயினும் நம் அடுக்களைக்கும் ஒரு வரலாறு உண்டு. சிறிதளவு இறைச்சியைக் கொண்டு பெரிய குடும்பத்தின் பசியை ஆற்றுவது எவ்வாறு என்னும் வினாவுக்கு முன்னோர் கண்ட விடைகளே இன்றைய பேச்சின் பொருளாகும்.

வன்னி, காடும் குளமும் நிறைந்த நாடு. வேட்டையிற் கிடைத்ததை ஒரே நாளில் உண்டு தீர்த்தல் இயலாது. ஆதலால் அதனை மெல்லிய கீற்றுகளாக அரிந்து, உப்பிட்டு, வெயிலில் உலர்த்தி வற்றலாக்கினர். கண்டி அரசில் 1660 முதல் 1679 வரை சிறைப்பட்டிருந்த இறொபேட் நொக்ஸ் என்னும் ஆங்கிலேயர், 1681இல் வெளிவந்த தம் நூலில் வேறொரு முறையைக் குறித்துள்ளார். வேடர் மரப்பொந்தில் தேனை ஊற்றி, அதனுள் இறைச்சியை இட்டு, களிமண்ணால் அடைத்து வறுமைக் காலத்துக்குச் சேமித்தனராம்.

வற்றலைத் தணலில் வாட்டி, உரலில் இடித்து, வெங்காயமும் தேங்காய்ப்பூவும் கூட்டி வறுப்பதை என் அம்மம்மா சொல்லக் கேட்டிருக்கிறேன். ஒரு பிடி வற்றல் எட்டுப் பேரின் சோற்றுக்குப் போதுமாம். கொத்திய இறைச்சியின் பயனும் இதுவே. துண்டாயின் நால்வருக்கு எட்டுவது, பொடியாயின் எண்மருக்கு எட்டும்.

இம்முறை பிற நாட்டாரும் அறிந்ததே. 12ஆம் நூற்றாண்டில் சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரன் இயற்றிய மானசோல்லாசம் கொத்திய இறைச்சிப் பண்டங்களைக் கூறுகின்றது. கைமா என்னும் சொல் பாரசீகமும் உருதும் வழியாக நம்மிடம் வந்தது. 1658இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தரின் வழிவந்த பறங்கியர், கொத்திய இறைச்சியை உருண்டையாக்கிப் பொரித்து லம்பிறைஸ் பொதியினுள் வைப்பர்.

நம் ஊர்களில் வேறொரு நல்வழக்கமும் இருந்தது. அயலார் பலர் கூடி ஓர் ஆட்டை வாங்கிப் பங்கு போடுவர். ஒவ்வொரு பங்கிலும் தசையும் எலும்பும் ஈரலும் சேர்ந்திருக்கும். கண்முன்னே வெட்டப்பட்டதாதலின், ஆட்டின் இளமையையும் இறைச்சியின் புதுமையையும் அனைவரும் அறிந்திருந்தனர். கடைக்குச் சென்று வாங்கும் இக்காலத்தில் இழந்தது அந்த அறிவையே. 1893ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் இறைச்சிக் கடைக்கு உரிமம் வேண்டுமென்றது. 1937ஆம் ஆண்டின் வனசீவராசிகள் கட்டளைச் சட்டம் காட்டு விலங்குகளைக் காத்தது. எனவே வேட்டை இறைச்சியை நாடாது, உரிமம் பெற்ற கடையையே நாடுதல் முறை.

2009இல் போர் முடிந்தபின் மீண்டு வந்த குடும்பங்கள் பலவற்றை இங்கே ஒரு தாயே தனித்து நடத்துகின்றார். அவர் கடையிற் கொடுக்கும் ஒவ்வொரு ரூபாவும் பிள்ளையின் உடலுக்கு உரியது. முன்னரே கொத்திக் குவித்து வைத்ததில் கொழுப்பு எவ்வளவு, சவ்வு எவ்வளவு என்பது கண்ணுக்குப் புலப்படாது. ஆகவே துண்டைத் தெரிந்தெடுத்து, நிறுப்பித்து, பின்னர் தம் எதிரிலேயே கொத்துவித்தல் நன்று. கழுத்து, கால் முதலிய கடினமான பகுதிகள் விலையிற் குறைந்தவை. கொத்தும்போது அவற்றின் நார் அறுபட்டு மென்மையாகும். கொழுப்பு மிகுந்தது மலிவாகத் தோன்றினும், சட்டியில் உருகி அளவிற் சுருங்கிவிடும். உட்புறம் சற்று மங்கியிருப்பது காற்றுப் படாமையாலும் ஆகலாம். ஆனால் புளித்த நாற்றமும் பிசுபிசுப்பும் உடையதை வாங்கலாகாது. கொத்திய இறைச்சி விரைவிற் கெடுவதாதலின், அன்றே நன்றாக வேகவைத்தல் வேண்டும். பருப்போ உருளைக்கிழங்கோ கூட்டினால் அளவும் பெருகும், சத்தும் சேரும்.

வற்றல் இடித்த உரல்கள் இன்று பல முற்றங்களில் இல்லை. அவற்றைப் பயன்படுத்திய தாய்மாரின் சிக்கனமாவது நம் வீடுகளில் நிலைப்பதாக.