வெயில் தாங்குமா கேமரா? – மாட்டு வண்டியில் இருந்து மண்டையில் மாட்டுவது வரை

ஆக்‌ஷன் கேமரா வாங்கணும்னு என்கிட்ட யோசனை கேக்கற நண்பர்கள் எல்லாருக்கும் முதல் கேள்வி ஒண்ணுதான். "தண்ணிக்குள்ள எத்தனை மீட்டர் வரைக்கும் தாங்கும்?" கேக்கறவர் குடியிருக்கறது திண்டுக்கல்ல! குடகனாறே வருஷத்துல பாதி நாள் மணலாக் கெடக்குற ஊர். பத்து மீட்டர் ஆழத்துக்கு இங்க எங்கய்யா போறது? :-)

கேலிக்காகச் சொல்லலை. வெளியில எடுத்துட்டுப் போற கேமராவை எதை வச்சு எடை போடறதுங்கற கேள்விக்குப் பின்னாடி நூத்தி அறுபது வருஷத்துக்கும் மேலான வரலாறு இருக்கு. அதுல ஒரு முக்கியமான அத்தியாயம் நமக்கு அறுபது கிலோமீட்டர் தெற்கே, மதுரையில நடந்தது.

லின்னேயஸ் ட்ரைப்னு ஒரு கேப்டன். 1822ல பிறந்தவர், கிழக்கிந்தியக் கம்பெனியோட சென்னைப் படையில அதிகாரி. 1855ல பர்மாவுக்குப் போன தூதுக்குழுவோட போய்ப் படம் எடுத்தவர். அப்புறம் சென்னை மாகாண அரசாங்கத்துக்கே போட்டோகிராஃபர் ஆனார். 1857 கடைசியில கிளம்பி 1858ல ஸ்ரீரங்கம், திருச்சி, தஞ்சாவூர், புதுக்கோட்டை, மதுரைன்னு சுத்தினார். கேமரா, கெமிக்கல், தாளுன்னு மொத்தச் சாமானும் மாட்டு வண்டியில. நெகட்டிவ் ஒவ்வொண்ணும் ஒண்ணேகால் அடி அகலம் இருக்கும், அப்ப கேமரா என்ன சைஸ்னு பாத்துக்குங்க.

அந்தக் காலத்துல ரெண்டு முறை இருந்துச்சு. ஒண்ணு கண்ணாடித் தகட்டுல கொலோடியன் பூசறது. படம் துல்லியமா வரும். ஆனா பூச்சு ஈரமா இருக்கும்போதே எடுத்து, ஈரம் காயறதுக்குள்ள கழுவியாகணும். நம்ம ஊர் வெயில்ல அது எவ்வளவு நேரம் ஈரமா இருக்கும்? பக்கத்துலயே ஒரு இருட்டுக் கூடாரம் வேற போடணும். இன்னொண்ணு, 1851ல பிரான்ஸ்ல குஸ்தாவ் லெ க்ரே சொன்ன மெழுகுத் தாள் முறை. தாளை மெழுகுல ஊற வச்சு மருந்து ஏத்தி, பல நாளைக்கு முன்னாடியே தயார் பண்ணி எடுத்துட்டுப் போகலாம். எடுத்ததை உடனே கழுவணும்னு அவசியமும் இல்ல.

பெரிய படங்களுக்கு ட்ரைப் நம்பினது மெழுகுத் தாளைத்தான். அதுக்கு அவர் குடுத்த விலை நேரம். ஒரு படத்துக்கு நிமிஷக் கணக்குல லென்ஸைத் திறந்து வைக்கணும், நடமாடற ஆளுங்க படத்துல நிக்க மாட்டாங்க. அதனாலதான் அவரோட மதுரை ஆளே இல்லாத ஊர் மாதிரி தெரியும். தாங்கற சக்தி கூடணும்னா வேற ஏதோ ஒண்ணை விட்டுக் குடுக்கணும். இந்தக் கணக்கு இன்னிக்கு வரைக்கும் மாறலை.

இதே மனுஷன்தான் தஞ்சாவூர்ப் பெரிய கோயில் விமானத்தோட அடிப்பகுதிக் கல்வெட்டை வரிசையா எடுத்து, 21 படங்களை ஒட்டி, சுமார் 19 அடி நீளத்துக்குச் சுருளா ஆக்கினவர். பனோரமா மோடுன்னு நாம இப்ப பொத்தானைத் தட்டறோமே, அதை 1858லயே கையால பண்ணியாச்சு.

என்ன ஆச்சு அப்புறம்? 1859ல சென்னைக்கு கவர்னரா வந்த சார்லஸ் ட்ரெவெல்யன், இதெல்லாம் அரசாங்கத்துக்கு ஆடம்பரச் செலவுன்னு முடிவு கட்டினார். கடை சாத்தியாச்சு.

இங்கதான் எனக்கு விஷயமே இருக்கு. ட்ரைப் எடுத்ததுல திருமலை நாயக்கர் மகாலும் உண்டு, சிதைஞ்சு கெடந்த கோலத்துல. 1866ல கவர்னரா வந்த நேப்பியர் பிரபு காலத்துலதான் அதைப் பழுது பார்த்தாங்க. அதுக்கு முன்னாடி மகால் எப்படி இருந்துச்சுன்னு இன்னிக்கு நாம பாக்க முடியுதுன்னா, அந்த "ஆடம்பரம்" போட்ட பிச்சை அது.

தண்ணி எப்ப கதைக்குள்ள வந்துச்சு? 1893ல பிரான்ஸ்ல லூயி பூத்தான்ங்கற உயிரியல் ஆராய்ச்சியாளர் பெட்டிக்குள்ள கேமராவை அடைச்சுக் கடலுக்கடியில படம் எடுத்தார். ரொம்ப நாள் கழிச்சு, ழாக் கூஸ்தோவுக்காக ழான் த வூட்டர்ஸ் என்கிற பெல்ஜியக்காரர் பெட்டியே தேவைப்படாத ஒரு கேமராவை வடிவமைச்சார். கலிப்ஸோன்னு பேர். 1960 வாக்குல விற்பனைக்கு வந்துச்சு. அதை நிக்கான் வாங்கி 1963ல நிக்கோனோஸ் ஆக்கினாங்க. அடுத்து 2002ல நிக் வுட்மன், கடல் அலையில சறுக்கும்போது தன்னையே படம் எடுக்கணும்னு ஆசைப்பட்டுத் தொடங்கினது கோப்ரோ. 2004ல வந்த அவங்களோட முதல் ஹீரோ, மணிக்கட்டுல கட்டிக்கற 35 எம்எம் ஃபிலிம் கேமரா! 2006ல வந்த டிஜிட்டல் ஹீரோ வீடியோ எடுத்தா பத்து செகண்டுதான். தனிக் கூடு இல்லாமலே 10 மீட்டர் தாங்கறது 2015ல ஹீரோ 4 செஷன்ல வந்துச்சு.

கவனிச்சீங்களா மக்களே? கூஸ்தோவுக்கும் வுட்மனுக்கும் எதிரி கடல். அதனால அவங்க கேமரா தண்ணியைத் தாங்குது. ட்ரைப்புக்கு எதிரி வெயில், அதனால அவர் மெழுகுத் தாளை எடுத்தார். நம்ம எதிரி யாரு? திண்டுக்கல் சமவெளியில பங்குனி தாண்டினா வெயிலும் புழுதியும்தான். கடற்கரைக்காரன் அளவுகோலை வச்சு நாம அளக்கறோம்.

ஆக்‌ஷன் கேமரா கையேட்டைக் கடைசிப் பக்கம் வரைக்கும் படிங்க. எத்தனை டிகிரி வரைக்கும் ஓடும்னு ஒரு வரி இருக்கும். பல மாடலுக்கு 35, சிலதுக்கு 40, 45. சித்திரையில நம்ம ஊர் நிழல்லயே 38 அடிக்கும். குட்டிக் கேமராவுக்குள்ள பெரும்பாலும் ஃபேன் கிடையாது, ஓடற காத்துதான் அதைக் குளிர வைக்கணும். நான் வச்சிருக்கறதை (கம்பெனி பேர் வேண்டாமே) பைக்ல மாட்டிக்கிட்டு சிறுமலையோட 18 கொண்டை ஊசி வளைவும் ஏறினேன், ஒரு தொந்தரவும் இல்ல. அதே கேமராவை மலைக்கோட்டைப் பாறை மேல முக்காலியில நிறுத்தி 4கே ஓட விட்டேன். கால் மணி நேரம் கூட ஆகலை, சூடாயிடுச்சுன்னு சொல்லிப் படுத்துக்கிச்சு. முத்துகிருஷ்ணப்ப நாயக்கர் 1605ல தொடங்கின கோட்டை அந்த வெயில்ல நாலு நூறு வருஷமா நிக்குது!

அடுத்தது மூடி. பூட்டுக்குப் பேர் போன ஊர்க்காரங்களுக்கு இதைச் சொல்லிப் புரிய வைக்க வேண்டியதில்ல. வாட்டர்ப்ரூஃப்ங்கறது பேட்டரி மூடியைச் சுத்தி இருக்கற மெல்லிசான ரப்பர் வளையம்தான். அதுல ஒரு மணல், ஒரு முடி மாட்டினாப் போதும், ஆத்தூர் டேம்ல முக்கினதும் கதை முடிஞ்சிடும். கீழ புழுதியில மூடியைத் திறக்காதீங்க. திறந்தா துடைச்சிட்டு மூடுங்க. ஐபி 67னு போட்டிருந்தா ஒரு மீட்டர் ஆழத்துல அரை மணி நேரம், அதுவும் அசையாத நல்ல தண்ணியில. அருவி அடிக்கற அடி வேற கணக்கு.

மூணாவது, ஈரம். கீழ புழுக்கத்துல மூடியைத் திறந்து மூடிட்டு வத்தலக்குண்டு வழியா கொடைக்கானல் ஏறினீங்கன்னா, உள்ள மாட்டின ஈரக் காத்து குளிர்ல லென்ஸுக்கு உள்பக்கமா பனி மாதிரி படியும். எத்தனை மீட்டர் வாட்டர்ப்ரூஃப்னாலும் இதுக்கு மருந்தில்ல. கிளம்பறதுக்கு முன்னாடியே காய்ஞ்ச இடத்துல வச்சுப் பேட்டரியை மாத்தி மூடிடணும்.

ட்ரைப் நேரத்தை விட்டுக் குடுத்த மாதிரி நாம குடுக்கற விலை என்ன? குட்டி சென்ஸார், ஜூம்னு சொல்லிக்க ஒண்ணும் கிடையாது, அகல லென்ஸ்ல கோட்டைச் சுவர் வில்லா வளையும். அந்தி சாஞ்சா படம் பொரிஞ்சு போகும். இதெல்லாம் சம்மதம்னா வாங்குங்க. இல்லைன்னா சாதாக் கேமராவையே ஒரு நல்ல பையில போட்டுக்கிட்டு நடங்க.

எது வாங்கினாலும் ஒண்ணு செய்யுங்க. உங்க ஊர்க் குளத்தையோ, கோட்டைச் சுவரையோ, பழைய மண்டபத்தையோ வருஷத்துக்கு ஒரு தடவை, ஒரே இடத்துல நின்னு எடுத்து வைங்க. தேதியோட, ரெண்டு பிரதியா. யாராவது வந்து வெள்ளையடிக்கறதுக்கு முன்னாடி, இடிக்கறதுக்கு முன்னாடி. ட்ரெவெல்யன் மாதிரி ஒருத்தர் நம்ம வீட்லயும் இருப்பார், "இவ்வளவு காசு போட்டு இது எதுக்கு"ன்னு கேப்பார். மகால் படத்தைக் காட்டுங்க.

டிஸ்கி: எந்தக் கேமராக் கம்பெனியும் எனக்கு அஞ்சு பைசா குடுக்கலை. குடுத்தாலும் வெயில் விஷயத்துல மாத்திச் சொல்ல மாட்டேன் :-)